ஒரு கிராம் வித்தியாசம்

வீட்டில் யாருக்காவது ரத்தப் பரிசோதனை செய்த சீட்டு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதல் சில வரிகளுக்குள்ளேயே 'ஹீமோகுளோபின்' என்று இருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எண். அதையும் தாண்டி, இயல்பான அளவு என்ற கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். ஆண்களுக்கு 13 முதல் 17 வரை, பெண்களுக்கு 12 முதல் 15 வரை. ஒவ்வொரு சோதனைக்கூடத்திலும் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பெண்களுக்கான வரி எப்போதும் ஒரு படி கீழேதான் இருக்கும்.

அம்மாவும் அப்பாவும் ஒரே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். பிறகு ஏன் இரண்டு அளவுகோல்? துப்பறியலாம், வாருங்கள். முதல் தடயம் பொத்தேரியில் கிடைக்கிறது.

நீலத் திரவத்தில் ஒரு சொட்டு

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால், கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையம் பொத்தேரி. காலை நேரத்தில் பெட்டியில் பாதிக் கூட்டம் அங்கேயே இறங்கிவிடும். எல்லாம் தோளில் பையோடு கல்லூரி அண்ணன்களும் அக்காக்களும்தான். இப்படி மாணவர்கள் கூடும் ஊர்களில் ரத்ததான முகாம்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு முகாமின் முதல் மேசையை மட்டும் பார்த்தால் நமக்குப் போதும்.

விரல் நுனியில் சின்னதாக ஒரு குத்து. வரும் ரத்தத்தில் ஒரு சொட்டை மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, மேசைமேல் இருக்கும் நீலத் திரவத்தில் விடுகிறார்கள். அந்தத் திரவம் மயில்துத்தம் கரைத்த தண்ணீர். மயில்துத்தத்துக்குக் காப்பர் சல்பேட் என்றும் பெயர். சாதாரணத் தண்ணீரைப் போல 1.053 மடங்கு எடை இருக்கும்படி அளந்து கரைத்தது. ஹீமோகுளோபின் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ரத்தம் கனக்கும். 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினாவது இருந்தால் சொட்டு பதினைந்து நொடிக்குள் விறுவிறுவென்று அடிக்குப் போய்விடும். குறைவாக இருந்தால் கொஞ்சம் இறங்கும், நடுவில் தயங்கி நிற்கும், பிறகு மேலே ஏறி வந்துவிடும்.

சொட்டு ஏன் தண்ணீரில் கரைந்து பரவவில்லை? ரத்தத்திலுள்ள புரதமும் திரவத்திலுள்ள தாமிரமும் தொட்ட மாத்திரத்தில் சேர்ந்து, சொட்டைச் சுற்றி ஒரு மெல்லிய தோலாக மாறிவிடுகின்றன. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவான முறை. மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு. அதனால் இன்றும் பல முகாம்களில் இதுதான் முதல் வாசல். எண்ணையே காட்டிவிடும் கையடக்கக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன.

ஓர் அக்காவின் சொட்டு மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியில் பார்த்தால் 12.2. "இந்தத் தடவை வேண்டாம்மா, நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த முகாமுக்கு வா" என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் சோதனைக்கூடச் சீட்டின்படி, பெண்ணுக்கு 12.2 இயல்பான அளவு! அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. ரத்தம் கொடுக்க ஆண், பெண் இருவருக்கும் நம் நாட்டில் 12.5 என்ற ஒரே கோடுதான். ஆரோக்கியமான பெண்களிலும் பலர் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறார்கள். எனவே, வித்தியாசம் உண்மைதான். காரணத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்தச் சிவப்புக்குள் என்ன?

ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு புரத இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையின் மடிப்பிலும் ஓர் இரும்பு அணு. நுரையீரலில் ஓர் இரும்பு அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், உடலின் மற்ற இடங்களில் விட்டுவிடும். அவ்வளவுதான் வேலை. இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிக்க மேக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1962-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்பாவின் உடலில் 5 லிட்டர் ரத்தம், 100 மில்லிக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் என்றால் மொத்தம் 750 கிராம். அதிலுள்ள இரும்பு சுமார் இரண்டரை கிராம். அம்மாவின் உடலில் 4 லிட்டர் ரத்தம், 13.5 கிராம் என்றால் மொத்தம் 540 கிராம். அதில் இரும்பு 1.8 கிராம். உடலில் உள்ள இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ரத்தத்தில்தான் இருக்கிறது.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் இருபது லட்சத்துக்கும் அதிகமான புதுச் சிவப்பணுக்களைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடி தயார்.

உங்களுக்கு எந்த வரி?

சீட்டில் ஆண், பெண் என்று இரண்டு வரிதானே இருக்கிறது, சிறுவர்களுக்கு? உலக சுகாதார நிறுவனம் அதற்கும் கோடு போட்டிருக்கிறது. 5 முதல் 11 வயது வரை 11.5 கிராம். 12 முதல் 14 வயது வரை 12 கிராம். இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. இந்த இரண்டு கோடுகளிலும் பையன், பெண் என்ற பிரிவு கிடையாது. ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்.

15 வயதில்தான் கோடு இரண்டாகப் பிரிகிறது. பெண்களுக்கு 12-லேயே நின்றுவிடுகிறது, ஆண்களுக்கு 13-க்கு ஏறுகிறது. துப்பறிகிறவர்களுக்கு இது பெரிய தடயம். வித்தியாசம் பிறவியில் வந்ததாக இருந்தால் சிறு வயதிலேயே தெரிந்திருக்கும். நடுவில் வருகிறது என்றால், வளரிளம் பருவத்தில் உடலில் நடக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

முதல் சந்தேகம்: மாதவிடாய்

பெண்களுக்கு வளரிளம் பருவத்தில் மாதவிடாய் தொடங்குகிறது. கருப்பையின் உட்சுவர் மாதம் ஒருமுறை உதிர்ந்து, ரத்தத்தோடு வெளியேறுகிறது. இது உடலின் இயல்பான வேலை. கூச்சப்படவோ கேலி செய்யவோ இதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் வெளியேறும் ரத்தம் பெரும்பாலோருக்கு 30 முதல் 40 மில்லி. அதில் 15 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு போகிறது. 28 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம்.

அரை மில்லிகிராம் எந்த மூலைக்கு என்று நினைக்காதீர்கள். ஆணோ பெண்ணோ, தோல் உதிர்வது, வியர்ப்பது போன்ற வழிகளில் தினமும் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்பை இழக்கிறோம். நாம் எவ்வளவு சாப்பிட்டாலும் குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அந்தச் சின்ன வரவில் அரை மில்லிகிராம் கூடுதல் செலவு என்பது பெரிய செலவு.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? பலரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் பொருந்தாத மூன்று தடயங்கள் இருக்கின்றன.

ஒன்று, பாட்டிகள். ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடும். பிறகு ரத்த இழப்பே இல்லை. ஆனாலும் பாட்டியின் ஹீமோகுளோபின் தாத்தாவின் அளவுக்கு வந்துவிடுவதில்லை. இடைவெளி குறைகிறது, மறைவதில்லை.

இரண்டு, நல்ல சாப்பாட்டால் உடலில் இரும்புச் சேமிப்பு நிறைவாக உள்ள இளம் பெண்கள். அவர்களுக்கும் ஆண்களைவிட ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கிறது.

மூன்று, சேவலும் கோழியும். கோழிக்கு ஏது மாதவிடாய்? ஆனாலும் சேவலின் ரத்தத்தில் சிவப்பணு அதிகம், பெட்டைக்குக் குறைவு. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் பல இனங்களில் இந்த வித்தியாசம் இருக்கிறது.

மாதவிடாய் ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணம் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது சந்தேகம்: டெஸ்டோஸ்டிரோன்

பையன்களுக்கு மீசை அரும்பும், குரல் உடையும் பருவத்தில் விந்தகங்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை நிறையச் சுரக்கத் தொடங்குகின்றன. தசையை வளர்ப்பது அதுதான். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டுவதும் அதுதான். கல்லீரலில் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் உண்டு. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. டெஸ்டோஸ்டிரோன் அந்த ஹெப்சிடினையும் குறைத்துவிடுகிறது. உற்பத்தியும் கூடுகிறது, மூலப்பொருளும் தாராளமாக வருகிறது. பெண்களின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது. ஆனால் அளவு மிகக் குறைவு.

சாட்சி வேண்டுமே! இருக்கிறது. சில நோய்களுக்காக ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை மருந்து கொடுத்து அடக்குவது உண்டு. அவர்களுக்குச் சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரு கிராம் இறங்கிவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு உள்ள ஆண்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தால் ஏறுகிறது. சேவலிலும் அப்படியே. விந்தகம் நீக்கிய சேவலின் சிவப்பணு எண்ணிக்கை பெட்டைக் கோழியின் அளவை நெருங்கிவிடும்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெண்களின் எண் கீழே இறங்கியதைவிட, ஆண்களின் எண் வளரிளம் பருவத்தில் மேலே ஏறியதுதான் இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு.

சிறுநீரகத்தின் தீர்ப்பு

சரி, ஒரு கிராம் குறைவாக இருப்பதால் பெண்களின் உடலுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறதா? இதைக் கேட்க வேண்டியது சிறுநீரகத்திடம்.

சிறுநீர் பிரிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. தனக்கு வரும் ஆக்சிஜன் போதுமா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. 'இன்னும் சிவப்பணு வேண்டும்' என்று எலும்பு மஜ்ஜைக்குப் போகும் செய்தி அது. லடாக் போன்ற உயரமான மலைநாட்டில் சில வாரம் தங்குகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடுவது இதனால்தான். உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த ஹார்மோனை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்த கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் யூஜின் கோல்ட்வாசர் குழு அதற்காக 2,550 லிட்டர் சிறுநீரைப் பயன்படுத்தியது. கிடைத்த ஹார்மோன் சில மில்லிகிராம்!

ஆரோக்கியமான ஆணின் ரத்தத்திலும் ஆரோக்கியமான பெண்ணின் ரத்தத்திலும் எரித்ரோபாய்டின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது 13.5 கிராம் உள்ள பெண்ணின் சிறுநீரகம் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. கூடுதலாகக் கேட்கவும் இல்லை. இதுவே அவருக்கு 9 கிராமுக்கு இறங்கினால் எரித்ரோபாய்டின் எகிறிவிடும்.

ஆகவே, இயல்பான வித்தியாசம் வேறு, ரத்தசோகை வேறு. முதலாவதற்கு மருந்து வேண்டாம். இரண்டாவதைச் சும்மா விடக் கூடாது.

இயற்கை என்று சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு

'பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்' என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மைதான் பல நேரம் முழுப் பொய்யைவிட ஆபத்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம், பையன்களில் 31 சதவீதம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பெண்களை அளந்தது 12 கிராம் கோட்டால், ஆண்களை அளந்தது 13 கிராம் கோட்டால். இயற்கை கொடுத்த ஒரு கிராம் சலுகையைக் கழித்த பிறகுதான் 57 வந்திருக்கிறது. எனவே, அந்த இடைவெளிக்கு டெஸ்டோஸ்டிரோனைக் காரணம் காட்ட முடியாது. மாதாமாதம் போகும் இரும்பு திரும்பி வருவதில்லை, அதுதான் காரணம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கமும் காரணம். கர்ப்பகாலத்தில் குழந்தைக்கும் சேர்த்துத் தேவைப்படும் இரும்பும் காரணம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாகப் புகுந்து, குடலில் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவும் ஒரு காரணம்.

இரும்பு மட்டும் போதாது என்று கண்டுபிடித்த கதையில் நம் சென்னைக்கும் குன்னூருக்கும் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் மருத்துவமனையிலும் அவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் நோயாளிகள் தேறினார்கள். 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து ஃபோலேட் என்று பின்னால் தெரிந்தது. புதுச் சிவப்பணு உருவாக அது கட்டாயம் வேண்டும். கீரைகளில் நிறைய இருக்கிறது.

பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல மாத்திரை இப்போது புரிகிறதா? அதில் 60 மில்லிகிராம் இரும்பும், லூசி வில்ஸ் தேடிய அந்தச் சத்தின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் இருக்கின்றன. சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை. பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தேதான். ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் தருகிறார்கள்.

ரத்ததான விதியிலும் இதே அறிவியல் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை 350 மில்லி ரத்தம் கொடுத்தால் சுமார் 150 மில்லிகிராம் இரும்பு போய்விடும். தினமும் ஒன்று, இரண்டு மில்லிகிராமாக அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதனால்தான் ஆண்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதம் பொறுக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

நீல மாத்திரையை மதியம் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், உறிஞ்சப்படாத இரும்பு அது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், கொண்டைக்கடலைச் சுண்டல் இவற்றில் இரும்பு இருக்கிறது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் குடல் அந்த இரும்பைக் கூடுதலாக உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உறிஞ்சுவது குறையும், ஒரு மணி நேரமாவது கழியட்டும். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஈரலும், கோவளம், மாமல்லபுரம் பக்கம் கரையேறும் மத்தி மீனும் நல்லவை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். வெளியே போகும்போது செருப்பு போடுங்கள்.

அடிக்கடி களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, கண்ணின் கீழ் இமைக்குள் வெளுத்திருப்பது, மண்ணையோ சாக்பீஸையோ தின்னத் தோன்றுவது இதில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், காசு வேண்டாம்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை. அம்மாவிடம் கேளுங்கள்: "அம்மா, உங்க ஹீமோகுளோபின் எவ்வளவு?" தெரியாது என்றால் அடுத்த வாரம் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எண் 12-க்குக் கீழே வந்தால், பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.